கரண்ட் வைத்தியம்

எங்கள் ஊர்ப்பக்கம் ரேடியேஷன் சிகிச்சையை யாரும் ரேடியேஷன் என்று சொல்வதில்லை. ‘கரண்ட் வைக்கிறார்கள்’ என்பார்கள். “அவருக்கு 20 கரண்ட் வெச்சாச்சு, இன்னும் 5 பாக்கி” என்று தவணைக் கணக்கு மாதிரி சொல்வார்கள். நான் மின்வாரியத்தில், 110 கே.வி. சப்ஸ்டேஷனில் (ஒரு கே.வி. என்றால் ஆயிரம் வோல்ட்) வேலை பார்த்தவன். அந்த வார்த்தை காதில் விழும்போதெல்லாம் கொஞ்சம் உறுத்தும். என் சித்திக்குக் கர்ப்பப்பை வாயில் கட்டி என்று தெரிந்து, 25 நாள் சிகிச்சை என்று டாக்டர் எழுதிக் கொடுத்தபோது, “இது கரண்ட் இல்ல சித்தி, கதிர்” என்று திருத்தப் பார்த்தேன். “உனக்கு ஒயர்ல ஓடுறது மட்டும்தான்டா கரண்ட்” என்று சொல்லிவிட்டாள்.

ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ, சித்தி உள்ளே மேசையில் படுத்திருக்கும்போது ஆஸ்பத்திரியில் கரண்ட் போய்விட்டது. நிஜமான கரண்ட். வராந்தாவில் ஃபேன் நின்றது. ஜெனரேட்டர் எடுக்க நேரமாயிற்று. எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஆபரேட்டர் தம்பி டார்ச்சோடு உள்ளே போய் சித்தியைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தார். சித்திக்குப் பயமெல்லாம் இல்லை, கணக்குதான் கவலை. “பாதியில நின்னுடுச்சேப்பா, மீதிய நாளைக்குச் சேத்து வெப்பியா?”

அந்தத் தம்பி சிரித்தார். “அம்மா, இதுக்குள்ள இருக்கறது கோபால்ட், தானா கதிர் விடுற உலோகம். கதிர் வர்றதுக்கு கரண்டே வேணாம். சோர்ஸை வெளிய தள்றதுக்கும் மேசைய ஏத்தி இறக்கறதுக்கும்தான் கரண்ட். கரண்ட் போனா அது தானா உள்ள போயிடும். மீதி நிமிஷத்த இப்பவே குடுத்துடலாம்.”

சித்திக்கு ‘கரண்டே வேணாம்’ என்பது காதில் ஏறவில்லை. எனக்கு ஏறியது. நான் திருத்தியது சரிதான் என்று அன்று நினைத்துக்கொண்டேன். ஓய்வு பெற்ற பிறகு, நேரம் கிடைத்து, இந்த வைத்தியத்தின் பழைய கதையைத் தேடிப் படித்தபோதுதான் சித்தி சொன்னதிலும் நியாயம் இருக்கிறது என்று தெரிந்தது. முதல் ஐம்பது வருடத்துக்கு எக்ஸ்ரே வைத்தியம் என்பதே ஹை வோல்ட்டேஜ் வேலைதான். டாக்டர் கேட்டதெல்லாம் வோல்ட். அதைக் கொடுக்க முடியாமல் திண்டாடியது எங்களைப் போன்ற மின்சாரக்காரர்கள்.

விஷயம் இவ்வளவுதான். காற்று எடுத்த குழாயில் எலெக்ட்ரானை வேகமாக ஓடவிட்டு ஓர் உலோகத் தகட்டில் மோதவிட்டால் எக்ஸ்ரே வரும். எலெக்ட்ரான் எத்தனை வோல்ட்டில் ஓடி வருகிறதோ, அதுதான் கதிரின் ஊடுருவும் சக்திக்கு உச்ச வரம்பு. வோல்ட் குறைவாக இருந்தால் கதிர் தோலிலேயே நின்றுவிடும். கட்டி உள்ளே இருக்கும், வெந்துபோவது மேல்தோல். அப்புறம், போட்ட கரண்டில் சுமார் நூற்றில் ஒரு பங்குதான் எக்ஸ்ரேயாக வரும், மீதி அத்தனையும் சூடு. எங்கள் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று இந்த லட்சணத்தில் ஓடினால் வேலையை விட்டே தூக்கியிருப்பார்கள்.

1895 நவம்பர் 8 அன்று ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் ரோண்ட்கன் அந்தக் கதிரைப் பார்த்தபோது அவரிடம் இருந்த ஹை வோல்ட்டேஜ் சாதனம் ரூம்கார்ஃப் காயில். இரும்புக் கம்பிக் கட்டின் மேல் தடித்த ஒயர் சில சுற்று, அதற்கு மேல் மயிரிழை ஒயர் கிலோமீட்டர் கணக்கில். பேட்டரியிலிருந்து வரும் கரண்டை ஒரு சின்ன சுத்தியல் விடாமல் வெட்டி வெட்டி விடும். ஒவ்வொரு வெட்டுக்கும் மறுபக்கம் ஆயிரக்கணக்கான வோல்ட் எகிறும். பழைய ஸ்கூட்டரில் ஸ்பார்க் பிளக்குக்குப் போகிற காயில் இதன் பேரன்தான்.

ஆனால் எத்தனை வோல்ட் எகிறுகிறது என்று சொல்லும் மீட்டர் அவர்களிடம் இல்லை. பொறியின் நீளத்தை வைத்துக் கணக்குப் பண்ணினார்கள். ‘10 அங்குலக் காயில்’, ‘12 அங்குலக் காயில்’ என்றே கடையில் விற்றார்கள், எவ்வளவு தூரம் காற்றில் பொறி தாண்டுமோ அந்த அளவு. இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, ஏனென்றால் நாங்களும் கடைசிவரை அதையேதான் செய்தோம். டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெய்க்கு பி.டி.வி. டெஸ்ட் என்று ஒன்று உண்டு. சின்னக் கண்ணாடித் தொட்டியில் எண்ணெயை ஊற்றி, இரண்டு உலோகக் குமிழ்களை 2.5 மில்லிமீட்டர் தள்ளி வைத்து, வோல்ட்டேஜை மெல்ல ஏற்றுவோம். எண்ணெய்க்குள் முதலில் ஒன்றும் தெரியாது. அப்புறம் ஒரு தூசு நடுங்கும். திடீரென்று ‘டப்’ என்று ஒரு நீலக் கீற்று தாண்டும், ஒரு கரிக்குமிழி மேலே வரும், டிரிப் ஆகிவிடும். எந்த கே.வி.யில் தாண்டியதோ, அதுதான் எண்ணெயின் யோக்கியதை. தொட்டிக்குப் பதில் நோயாளி இருக்கும் அறை, எண்ணெய்க்குப் பதில் திறந்த காற்று என்று வைத்துக்கொண்டால், 1900-ஆம் வருஷத்து டாக்டர் நின்ற இடம் புரியும்.

குழாயும் லேசுப்பட்டது இல்லை. அப்போதைய கண்ணாடிக் குழாய்க்குள் கொஞ்சூண்டு வாயு மிச்சம் இருந்தால்தான் வேலை செய்யும். ஓட ஓட அந்த வாயுவைக் கண்ணாடிச் சுவரே குடித்துவிடும். குழாய் ‘கடினமாகி’விட்டது என்பார்கள், கரண்ட் ஏறவே ஏறாது. ஒரு மூலையைச் சூடுபண்ணி வாயுவை விட்டால் ‘மென்மையாகி’விடும். காலையில் ஒரு குணம், மாலையில் ஒரு குணம். அன்றைக்குக் குழாய் எப்படி இருக்கிறது என்று பார்க்கப் பலர் செய்தது என்ன தெரியுமா? ஒளிரும் திரைக்கு முன் தங்கள் கையையே வைத்து, எலும்பு எவ்வளவு கறுப்பாகத் தெரிகிறது என்று பார்த்தார்கள். ஒவ்வொரு நோயாளிக்கும் முன்னால் ஒரு தடவை, ஒவ்வொரு நாளும், வருஷக்கணக்கில். விரல் சிவந்து, வெடித்து, நகம் விழுந்து, அப்புறம் விரலையே எடுத்து, கடைசியில் கையை எடுத்து. எடிசனின் உதவியாளர் கிளாரன்ஸ் டாலி அப்படித்தான் 1904-இல் செத்தார். ஹாம்பர்க்கில் ஒரு ஆஸ்பத்திரித் தோட்டத்தில் இவர்களுக்காக 1936-இல் ஒரு நினைவுத்தூண் நட்டார்கள். திறந்தபோதே அதில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட பெயர்கள்.

வைத்தியமாக இதை முறையாகச் செய்து எழுதிவைத்தவர் வியன்னாவின் லியோபோல்ட் ஃபிராய்ண்ட். 1896 நவம்பரில், முதுகு முழுக்க முடி அடர்ந்த மச்சத்தோடு வந்த 5 வயதுச் சிறுமிக்கு, தினமும் 2 மணி நேரம் என்று கதிர் காட்டினார். முடி உதிர்ந்தது. கூடவே முதுகில் ஆறாத புண்ணும் வந்தது. அந்தப் பெண் நன்றாகவே வாழ்ந்தார். 70 வருஷம் கழித்து, 1966-இல், அதே முதுகைப் பார்த்து வியன்னா டாக்டர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். தழும்பு அப்படியே இருந்தது.

சரி, காயில் போதாது என்று ஆனதும் டிரான்ஸ்ஃபார்மர் வந்தது. எங்களுக்குப் பழக்கமான ஆள். ஆனால் டிரான்ஸ்ஃபார்மர் கொடுப்பது ஏ.சி., குழாய்க்கு வேண்டியது ஒரே திசையில் ஓடுகிற கரண்ட். இவ்வளவு வோல்ட்டைத் தாங்கி, கரண்டை ஒரே திசையில் மட்டும் விடுகிற டயோடு கிடைக்காத காலம். 1907-இல் பிலடெல்பியாவின் ஹோமர் கிளைட் ஸ்னூக் இதற்குச் செய்த ஏற்பாட்டைப் படித்துவிட்டு அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏ.சி.யின் அலையோடு தாளம் தப்பாமல் சுற்றுகிற மோட்டார். அதன் தண்டில் காப்புப் பொருளால் ஆன கைகள், நுனியில் உலோகம். அலை மேலே போகும்போது கை ஒரு பக்கம் இணைப்புக் கொடுக்கும், அலை கீழே போகும்போது இணைப்பை மாற்றிப்போடும். அதாவது லட்சம் வோல்ட்டை, ஒரு விநாடிக்கு நூறு தடவைக்கு மேல், சுற்றுகிற கையால் மாற்றி மாற்றிச் செருகுவது! தொடுவதுகூட இல்லை, இடைவெளியில் பொறி தாண்டித்தான் போகும்.

லைனைப் பிரிக்கிற சுவிட்சான ஐசொலேட்டரை, கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே திறந்தால் என்ன ஆகும் என்று பார்த்தவர்களுக்கு இது புரியும். புது ஆள் ஒருவர் தவறிப்போய் அப்படிச் செய்ததை நான் ஒரு தடவை பார்த்திருக்கிறேன். கண்ணில் நீல வட்டம் போக அரைமணி ஆயிற்று. ஸ்னூக் பெட்டிக்குள் அதுவேதான் நாள் முழுக்க. படபடவென்று சத்தம், ஓசோன் நெடி, அதோடு நைட்ரஜன் புகை. மழைநாளில் சப்ஸ்டேஷன் யார்டில் கரோனா, அதாவது ஒயரைச் சுற்றிக் காற்றில் கசிகிற மின்சாரம், சீறும்போது மூக்கில் ஏறுமே, அந்தப் பச்சை நெடி, அடைத்த அறையில். தலைவலி தாங்காமல் பெட்டியை அடுத்த அறைக்குத் தள்ளினார்கள். அங்கிருந்து சிகிச்சை அறைக்கு வெறும் ஒயர், கூரையை ஒட்டிக் கட்டியிருக்கும். துணி காய்கிற கொடி மாதிரி. அதற்குக் கீழே நோயாளி படுத்திருப்பார். கதிரால் செத்தவர்கள் கணக்கு ஒரு பக்கம் என்றால், அந்த ஒயரில் கை பட்டு அங்கேயே செத்த டாக்டர்களும் நோயாளிகளும் உண்டு. லைனில் கரண்ட் இல்லை என்று எல்.சி. (லைன் கிளியர்) வாங்காமல், லைனை மண்ணோடு இணைக்கிற எர்த் ராடு போடாமல், ஒரு ஆளை லைனுக்குக் கீழே படுக்கவைப்பது! எங்கள் ஃபோர்மேன் பார்த்திருந்தால் கெட்டவார்த்தையே வந்திருக்கும்.

குழாயின் குணக்கேட்டை ஒழித்தது ஒரு பல்பு கம்பெனி. ஜெனரல் எலெக்ட்ரிக்கின் ஸ்கெனெக்டடி ஆய்வுக்கூடத்தில் வில்லியம் கூலிட்ஜ், உடைகிற உலோகமான டங்ஸ்டனைக் கம்பியாக இழுக்கும் வித்தையைக் கண்டுபிடித்திருந்தார். வீட்டு பல்புக்காகச் செய்தது. 1913-இல் அதே டங்ஸ்டன் இழையை, முழுக்கக் காற்றெடுத்த எக்ஸ்ரே குழாய்க்குள் சூடேற்றினார். வாயுவே தேவையில்லை. இழையின் சூட்டைக் கூட்டினால் கதிரின் அளவு கூடும், வோல்ட்டைக் கூட்டினால் ஊடுருவும் சக்தி கூடும். இரண்டு கைப்பிடி, இரண்டும் தனித்தனி. நேற்று கொடுத்த அளவை இன்று அப்படியே கொடுக்க முடிந்தது. இந்த ஒரு குழாய் இல்லாமல் மருத்துவம் என்று சொல்லும்படியாக இது ஆகியிருக்காது என்பது என் எண்ணம். பின்னால் வந்த மில்லியன் வோல்ட் பூதங்களைவிட இதற்குத்தான் என் கும்பிடு.

1920-களில் 200 கே.வி. வந்துவிட்டது. ‘டீப் எக்ஸ்ரே’ என்பார்கள். ஜெர்மனியில் ஏர்லாங்கன் நகரத்து டாக்டர்கள் ஒரே மூச்சில் பெரிய அளவைக் கொடுத்துப் பார்த்தார்கள். பாரிஸில் அன்றி கூடார் அதற்கு நேர்மாறாக, கொஞ்சம் கொஞ்சமாக, வாரக்கணக்கில் கொடுத்துத் தொண்டைப் புற்றைக் குணப்படுத்திக் காட்டினார். சித்தியின் 25 தவணைக்கு மூலம் அங்கேதான் இருக்கிறது. ஆனால் 200 கே.வி.யில் ஒரு பெரிய குறை. அதிகபட்ச அடி விழுவது தோலில். 10 சென்டிமீட்டர் ஆழத்துக்குப் போய்ச் சேருவது அதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். கட்டிக்கு 100 கொடுக்க வேண்டுமானால் தோல் கிட்டத்தட்ட 300 வாங்கவேண்டும். அதனால் நான்கு பக்கமிருந்தும் மாற்றி மாற்றிக் காட்டினார்கள். எந்தப் பக்கத்தில் எத்தனை நாள் என்பதைத் தோல் சிவப்பதைப் பார்த்தே முடிவு செய்தார்கள். பொதுவான ஓர் அளவை, ரோண்ட்கன் என்ற பெயரில், 1928-இல்தான் ஸ்டாக்ஹோம் மாநாட்டில் ஒத்துக்கொண்டார்கள்.

இன்னும் ஆழம் வேண்டுமா, இன்னும் வோல்ட் ஏற்று. இதற்குப் பதில் வந்த இடம்தான் எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் அது ஒரு மின்வாரியக் கதை. தெற்கு கலிஃபோர்னியா எடிசன் கம்பெனி 1923-இல் தன் லைனை 220 கே.வி.க்கு உயர்த்தியது. அந்த அளவுக்கு இன்சுலேட்டர்களைச் சோதிக்க இடம் வேண்டுமே, பாசடீனாவில் கால்டெக் கல்லூரிக்குள் ஒரு ஹை வோல்ட்டேஜ் லேப் கட்டிக் கொடுத்தார்கள். 250 கே.வி. டிரான்ஸ்ஃபார்மர் நான்கு, ஒன்றின் தோளில் ஒன்று ஏறினாற்போலத் தொடராக இணைத்து, பத்து லட்சம் வோல்ட். அதுவும் 50 சைக்கிள், நம்மூர் மாதிரியே. ஜன்னல் இல்லாத கூடம். செயற்கை இடி இடித்து விருந்தாளிகளுக்கு வேடிக்கை காட்டுவார்கள்.

டென்மார்க்கிலிருந்து வந்த சார்லஸ் லாரிட்சன், ரேடியோ வேலை பார்த்துவிட்டு அங்கே ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தவர். இந்த வோல்ட்டேஜ் இங்கே சும்மாதானே கிடக்கிறது, இதில் ஏன் ஒரு எக்ஸ்ரே குழாய் ஓட்டக் கூடாது என்று யோசித்தார். அவ்வளவு பெரிய கண்ணாடிக் குழாய்க்கு எங்கே போவது? அந்தக் காலத்துப் பெட்ரோல் பங்குகளில் பம்பின் தலையில் ஒரு பெரிய கண்ணாடி உருளை இருக்கும், எத்தனை கேலன் என்று வாடிக்கையாளர் கண்ணால் பார்க்க. அந்த உருளைகளை வாங்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இடையில் ஒட்டி, உள்ளே காற்றை எடுத்தார். 1928-இல் 750 கே.வி. தாங்கியது. ஒரு நீளக் குழாயில் மொத்த வோல்ட்டையும் போட்டால் ஏதாவது ஒரு இடத்தில் குவிந்து பொத்துக்கொள்ளும், துண்டு துண்டாகப் பிரித்தால் ஒவ்வொரு துண்டும் தன் பங்கைச் சுமக்கும். 110 கே.வி. ஸ்ட்ரிங்கில் வட்டு வட்டாக இன்சுலேட்டர் கோத்திருப்பதும் இந்த யோசனைதான். 1930-இல் நோயாளிகள் வர ஆரம்பித்தார்கள். கார்ன் ஃப்ளேக்ஸ் விற்றுக் கோடீஸ்வரரான கெல்லாக் பணம் கொடுத்து, பக்கத்திலேயே இதற்கென்று தனிக் கட்டடம் எழும்பியது.

அதற்கப்புறம் ஒரே போட்டி. 1931-இல் நியூயார்க் மெமோரியல் ஆஸ்பத்திரியில் கூலிட்ஜின் புதுக் குழாய், 700 கே.வி. லண்டன் செயின்ட் பார்தலோமியூஸ் ஆஸ்பத்திரிக்கு மான்செஸ்டரின் மெட்ரோபாலிட்டன் விக்கர்ஸ் செய்து கொடுத்த குழாய் 30 அடி நீளம், 10 டன் எடை. பம்ப் ஓடிக்கொண்டே இருக்கவேண்டும். இரவு பகலாக ஆள் உட்கார்ந்து பார்க்கவேண்டும். 1937-இல் சிகிச்சை தொடங்கியது. அதே வருஷம் பாஸ்டனில் ஹன்டிங்டன் ஆஸ்பத்திரியில் வான் டி கிராஃப் ஜெனரேட்டர். டிரான்ஸ்ஃபார்மரே கிடையாது, ஓடுகிற பெல்ட் மின்னேற்றத்தை வாளியில் தண்ணீர் மொள்வது போல மொண்டு மேலே கொண்டுபோய் உருண்டையில் கொட்டும், பத்து லட்சம் வோல்ட் சேரும் வரை. இதைக் கண்டுபிடித்த வான் டி கிராஃப் இதற்கு முன் ஒரு விமானக் கொட்டகையில் செய்த ராட்சத மாடலில் புறா எச்சம் உருண்டைமேல் விழுந்து தேவையில்லாத பொறி கிளம்பியதாம். காக்கைக் கூட்டோடு மல்லுக்கட்டிய எனக்கு இதைப் படித்ததும் ஒரு ஆறுதல்.

இந்தப் போட்டி முழுக்க நோயாளிக்காகத்தானா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். அணுவை உடைக்க வோல்ட் தேடிக்கொண்டிருந்த காலம் அது. ‘புற்றுநோய்க்கு’ என்றால் பணம் வரும். கால்டெக்கில் கொஞ்ச வருஷத்தில் சிகிச்சையை நிறுத்திவிட்டு அணு ஆராய்ச்சிக்கே போய்விட்டார்கள். 200-லிருந்து 1000 கே.வி. போனதில் கிடைத்த கூடுதல் ஆழமும், கட்டிய கட்டடத்தின் உயரத்துக்கு ஈடாக இல்லை. ஆனாலும் ஒன்றைச் சொல்லவேண்டும். பெர்க்லியின் எர்னஸ்ட் லாரன்ஸ், அவரும் அணு ஆசாமிதான், தன் மாணவர் டேவிட் ஸ்லோன் செய்த ஹை வோல்ட்டேஜ் எக்ஸ்ரே இயந்திரத்தை சான் பிரான்சிஸ்கோ ஆஸ்பத்திரியில் வைக்கச் செய்திருந்தார். 1937-இல் அவர் அம்மாவுக்கே வயிற்றுக்குள் புற்று. அறுக்க முடியாது, சில மாதம்தான் என்று பெரிய ஆஸ்பத்திரியில் கைவிரித்துவிட்டார்கள். அம்மாவை அந்த இயந்திரத்துக்கு முன்னால் கொண்டுவந்து படுக்கவைத்தார் மகன். அந்த அம்மா 83 வயதுவரை இருந்தார்.

நம்மூரிலும் இதெல்லாம் அவ்வளவு தாமதமாக வரவில்லை. சென்னை பொது மருத்துவமனையில் பர்னார்டு கதிரியக்க நிலையம் திறந்தது 1934-இல்.

வோல்ட் தேடிய கதையை முடித்துவைத்தது 1951-இல் கனடாவில் வந்த கோபால்ட்-60. அணு உலையில் வைத்து எடுத்த ஒரு சின்ன உலோகத் துண்டு. சுமார் முப்பது லட்சம் வோல்ட் எக்ஸ்ரேக்குச் சமமான கதிரை, எந்த டிரான்ஸ்ஃபார்மரும் இல்லாமல், ராப்பகலாக அதுவாகக் கொடுத்துக்கொண்டே இருக்கும். 30 அடிக் குழாய் செய்த வேலையை ஈயப் பெட்டிக்குள் கட்டைவிரல் தடிமன் சமாசாரம் செய்தது. அடி விழும் உச்சமும் தோலுக்குக் கீழே அரை சென்டிமீட்டர் இறங்கிவிட்டது. தோல் தப்பித்தது. சித்தி படுத்தது அதற்குக் கீழேதான். அவள் இடுப்பில் கொஞ்சம் கறுத்தது, அப்புறம் அதுவும் போய்விட்டது.

போன வருஷம் எதிர்வீட்டுப் பெண்ணுக்கு மார்பில் ஆபரேஷன் ஆகி, கரண்ட் வைக்கச் சொல்லியிருந்தார்கள். சித்திக்கு இப்போது 81. திண்ணையில் உட்கார்ந்து அனுபவஸ்தி தோரணையில் சொல்லிக்கொண்டிருந்தாள். “வலிக்கவே வலிக்காதுடி. நடுவுல கரண்ட் போனாக்கூடப் பயப்படாத. அது தானா உள்ள போயிடும்.”

அந்தப் பெண் போகப்போவது லினாக்குக்கு. ஒரு முழம்கூட வராத தாமிரக் குழாயில் மைக்ரோவேவ் அலையை விட்டு, எலெக்ட்ரானுக்கு அறுபது லட்சம் வோல்ட்டுக்கான வேகம் கொடுக்கிற மெஷின். அதில் உள்ளே போவதற்கு ஒன்றும் கிடையாது. கரண்ட் போனால் கதிர் அந்த நொடியே நின்றுவிடும், பல்பு மாதிரி. சொல்ல வாயெடுத்தேன். சித்தி என் பக்கம் திரும்பி, “இவன் கரண்ட் ஆபீஸ்லதான் இருந்தான், ஆனா இதெல்லாம் இவனுக்குத் தெரியாது” என்றாள். அந்தப் பெண் சிரித்தாள். நான் உள்ளே போய் மூன்று பேருக்கும் காபி போட்டேன்.